ஐந்தாவது பாட்டில்

12 ஜூன், திங்கள்

நான் தூங்கவில்லை. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணி. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சத்தியமங்கலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் நானும் என் மனைவி ருக்குமணியும் மட்டும். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. ஒன்பது வருஷமாக என்னைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. வேகம் நாற்பதுக்குள். இடது பக்க வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். வலது சக்கரம் என் பேச்சைக் கேட்டது. இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போனது. வண்டி சாலையைக் குறுக்கே கடந்து, வரப்பில் ஏறி, ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குள் இறங்கி நின்றது. எதிரே எதுவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. ருக்குமணி முன்னால் கையை ஊன்றியிருக்கிறாள். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். கதவைத் திறப்பதற்கு முன்பே ஒருத்தி சொன்னாள்: “பெரியவரு கண்ணசந்துட்டாராட்ட இருக்குது.”

அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர் சொன்னார். பால்காரர் சொன்னார். மகன் திருமூர்த்தி கோயமுத்தூரிலிருந்து வந்து, “எழுபத்திரண்டு வயசாச்சுப்பா, ஓட்டுனது போதும்” என்றான். என் லைசென்ஸை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எழுபத்தொன்று. ஆவணியில்தான் எழுபத்திரண்டு.

13 ஜூன், செவ்வாய்

பஸ் ஏறி கோபிக்குப் போனேன். வண்டி அங்கே கம்பெனி சர்வீஸ் சென்டரில் நிற்கிறது. ஒரு அட்டையை விரித்துப் போட்டு அடியில் நுழைந்தேன். முட்டி சம்மதிக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஸ்டீயரிங் திருப்பினால் சக்கரம் ஏன் திரும்புகிறது என்பதை இத்தனை வருஷம் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு பக்கமும் கைத்தடி போல ஒரு இரும்புத் தண்டு. தண்டின் முனையில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை, உருண்டையின் காம்பு சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் தோள்மூட்டு மாதிரி. உருண்டை அரைநெல்லிக்காய் அளவுதான். இரண்டேகால் டன் வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இரண்டு நெல்லிக்காய்கள் முடிவு செய்கின்றன. அடியில் படுத்தபடி இதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் எதற்காக வந்தேன் என்பது ஞாபகம் வந்தது.

இடது பக்க உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே தொங்கியது.

“தாத்தா, எந்திரிங்க. சட்டையெல்லாம் அழுக்காயிரும்” என்று ஒரு குரல். கம்பெனி இன்ஜினியர். முப்பது வயது இருக்கும்.

“இது கழண்டதாலதான் வண்டி தோட்டத்துக்குள்ள போச்சு” என்றேன்.

“தோட்டத்துக்குள்ள போனதால இது கழண்டிருக்குதுங்க. வரப்புல ஏறுன அடி.”

“அடியில கழண்டா உருண்டை உருண்டையா இருக்கோணும். இது ஒரு பக்கம் தேஞ்சு கோழிமுட்டையாட்டம் இருக்குது. அஞ்சு நாள்ல தேயுமா?”

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “ரிப்போர்ட் வருமுங்க” என்று மட்டும் சொன்னார்.

15 ஜூன், வியாழன்

நான் மோட்டார் காயில் கட்டும் வேலையை யாரிடமும் கற்றவன் இல்லை. இருபத்திரண்டாவது வயதில் எரிந்துபோன ஒரு மோட்டாரை வாங்கிவந்து, கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி அவிழ்த்து, எண்ணியபடியே திரும்பச் சுற்றினேன். அது ஓடியது. அதன் பிறகு நாற்பது வருஷம் இந்தத் தாலுகாவின் கிணறுகளில் பாதி என் கைச்சுற்றில்தான் ஓடின. எதையும் அவிழ்த்துப் பார்த்தால் அது தன்னைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். மனிதர்களைத்தான் அவிழ்க்க முடியாது.

ருக்குமணிக்கு ஒரு கையில் கட்டு இருப்பதால் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவது என் வேலை. மூன்று கால் பின்னலில் எந்தக் கால் மேலே வரவேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை.

பின்னும்போது கேட்டேன்: “நீ பக்கத்துலதான இருந்த. நான் தூங்குனனா?”

“நான் ரோட்டப் பாத்துட்டிருந்தனுங்க” என்றாள்.

19 ஜூன், திங்கள்

ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கம். கடைசிக்கு முந்தைய வரி: ‘ஓட்டுநர் கண்ணயர்ந்திருக்க வாய்ப்புள்ளது.’

எனக்கு அவர்களிடமிருந்து வேறு எதுவும் வேண்டாம். இந்த ஒரு வரியை அடிக்க வேண்டும். அப்படியே கடிதம் எழுதினேன். திருமூர்த்தியிடம் போனில் படித்துக் காட்டினேன். “அனுப்புங்கப்பா. ஆனா லைசென்ஸ் எங்கிட்டயே இருக்கட்டும்” என்றான்.

கடிதத்துக்கு ஆதாரம் வேண்டும். அந்த மூட்டின் மேல் ஒரு ரப்பர் உறை உண்டு. பூட் என்கிறார்கள். உள்ளே கிரீஸ் இருக்கும். தண்ணீரும் மண்ணும் போகாமல் உறை காக்கும். என் வண்டியில் அது ஊறிய அப்பளம் மாதிரி ஆகி, கிழிந்து, உள்ளே துரு ஏறி இருந்தது. கம்பெனிக்காரன் மட்டமான ரப்பர் போட்டிருக்கிறான். தண்ணீர் பட்டே மக்கியிருக்கிறது. இதை நிரூபித்துவிட்டால் போதும்.

புது பூட் இரண்டு வாங்கி, ஒரே அகலத்தில் ஐந்து வளையமாக வெட்டினேன். ருக்குமணியின் ஊறுகாய் பாட்டில்கள் ஐந்து. முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் சோப்புத் தண்ணீர். மூன்றாவதில் சேற்றுத் தண்ணீர். நான்காவது காலி, மொட்டை மாடி வெயிலில். ஐந்தாவதில் என் எண்ணெய்க் கலவை. ஐந்தாவது தேவையே இல்லை. ரப்பரை எது காப்பாற்றும் என்று காட்டுவதற்காக வைத்தேன்.

“ஊறுகா போட பாட்டிலு வேணுமுங்களே” என்றாள்.

“மூணு வாரம்.”

“மாங்கா மூணு வாரம் நிக்குமா?”

22 ஜூன், வியாழன்

என் கலவையைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். வண்டியைக் கழுவிய பிறகு அடிப்பாகத்தில் பழைய ஆயில் அடிப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். இரும்புக்கு மட்டும் அடிப்பார்கள். ரப்பரையும் சேர்த்துக் குளிப்பாட்ட வேண்டும் என்று சொன்னவன் நான். தோலுக்கு எண்ணெய் தேவை, மயிருக்குத் தேவை, மாட்டு வண்டி அச்சுக்குத் தேவை. ரப்பருக்கு மட்டும் வேண்டாமா? எரிந்த ஆயில் இரண்டு பங்கு, டீசல் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் அரைப் பங்கு. அடித்தவுடன் ரப்பர் கறுகறுவென்று மின்னும். புதுசு போல இருக்கும்.

இன்று, எப்போதும் நான் வண்டி கழுவும் லோகுவின் வாட்டர் சர்வீஸுக்குப் போனேன். அவன் சுவரில் பெயின்டிலேயே எழுதி வைத்திருக்கிறான்: ‘சென்னியப்பன் மாமா ஸ்பெஷல் எண்ணெய்க் குளியல்.’

“வாங்க மாமா. வண்டியில்லாம நடந்து வர்றீங்க, பாக்கவே கஷ்டமா இருக்குது” என்றான் லோகு. “படுத்தாத் தூக்கம் வருதுங்களா, இல்ல ஓட்டுனாத்தானா?”

அவனுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டதால் அடிக்க முடியவில்லை.

செல்வநாயகி டீச்சரின் வண்டி மேடையில் நின்றது. என் வண்டியின் அதே மாதிரி, அதே வருஷம். திம்பம் மலைப்பாதையில் ஏறி ஆசனூருக்கு தினமும் நான்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறார். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. “அய்யா சொன்ன மாதிரி மாசம் தவறாம எண்ணெய் அடிச்சர்றனுங்க” என்றார். அடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து அடித்தான். ரப்பர் மின்னியது.

27 ஜூன், செவ்வாய்

எட்டாவது நாள். வெர்னியரில் அளந்தேன். வெட்டும்போது எல்லாமே இரண்டரை மில்லி தடிமன்.

தண்ணீர்: இரண்டரை. சோப்பு: இரண்டரை. சேறு: இரண்டரை. வெயில்: இரண்டரை.

ஐந்தாவது: மூன்றரைக்கு மேல். நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

கடையில் விற்ற ரப்பர் போலி. கம்பெனிப் பெட்டியில் வருவதை வாங்கி மறுபடி வைக்க வேண்டும்.

ருக்குமணிக்கு மூன்று கால் பின்னல் இன்று சரியாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

28 ஜூன், புதன்

கோபிக்குப் போய்க் கம்பெனி பூட் வாங்கினேன். அதே இன்ஜினியர் இருந்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அஞ்சாவது பாட்டில்ல என்ன வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். ரிப்போர்ட்டை இன்னொரு முறை படிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

1 ஜூலை, சனி

கடிதத்தில் வண்டியின் பராமரிப்பைத் தேதிவாரியாகச் சேர்க்கலாம் என்று இந்த வருஷத்து நாட்குறிப்பைப் புரட்டினேன். நான் எழுதியவைதான்:

‘3 ஏப்ரல். இடது முன்பக்கம் கட் கட் என்று சத்தம். ஜாக்கி ஆடுகிறது. துணி சுற்றி வைத்தேன்.’

‘21 ஏப்ரல். சத்தம் நிற்கவில்லை. ஸ்டெப்னியின் போல்ட்டாக இருக்கும். இறுக்கினேன்.’

‘9 மே. நேர் ரோட்டில் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. காற்று குறைவு. சத்தத்துக்கு லோகுவிடம் மூட்டுகளில் எண்ணெய் கூடுதலாக அடிக்கச் சொன்னேன். அடித்ததும் சத்தம் குறைந்தது.’

இவற்றைக் கடிதத்தில் சேர்க்கவில்லை. நீளமாகிவிடும்.

4 ஜூலை, செவ்வாய்

கம்பெனி ரப்பர், ஆறாம் நாள். தண்ணீரில் மாற்றமில்லை. சேற்றில் மாற்றமில்லை. ஐந்தாவதில் மூன்று மில்லி. போலியைவிடக் கொஞ்சம் தாங்குகிறது. கொஞ்சம்தான்.

கலவையில் எது செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தனித்தனியாக மூன்று சின்ன டம்ளரில் வைத்திருக்கிறேன். விளக்கெண்ணெய் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

5 ஜூலை, புதன்

அளக்கவில்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. புட் வால்வைக் கழற்றி மாற்றினேன்.

8 ஜூலை, சனி

விளக்கெண்ணெயில் ஒன்றும் ஆகவில்லை. டீசலில் வீக்கம். எரிந்த ஆயிலில் வீக்கம்.

ஐந்தாவது பாட்டிலின் பழைய வளையத்தை எடுத்து இரண்டு கையிலும் பிடித்து லேசாக இழுத்தேன். பிய்ந்து வந்தது. என் வண்டியில் பார்த்தது போலவே ஓரம் நார் நாராக இருந்தது.

இதன் பொருள்: நான் தூங்கவில்லை. மூட்டு முன்பே செத்திருந்தது. எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

கடிதத்தை எடுத்தேன். ‘ரப்பர் உறை கெட்டதற்குக் காரணம்’ என்று எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்தேன்.

9 ஜூலை, ஞாயிறு

மதியம் சாப்பாடு ஆனதும் ருக்குமணி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பாட்டில்களைப் பார்த்தாள்.

“ஏனுங்க, மூணு வாரம் முடியப் போகுது. கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“நான் தூங்கலைன்னு கண்டுபுடிச்சிட்டேன்.”

“அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க.”

என் காதில் விழுந்தது சரிதானா என்று பார்த்தேன்.

“வளைவுல ஸ்டீயரிங்கு திருப்பறப்ப, ‘அடியே, புடிச்சுக்க’ன்னு கத்துனீங்க. தூங்கறவரு கத்துவாரா?”

“அப்புறம் ஏன் ஆருகிட்டயும் சொல்லல? ஒரு மாசமா நான் ஊரெல்லாம் பதில் சொல்லிட்டிருக்கறேன்.”

“நீங்க தூங்கிட்டீங்கன்னா வண்டியத் தொட மாட்டீங்க. வண்டி மேல தப்புன்னா அடுத்த வண்டி வாங்கீருவீங்க.” கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “ஏப்ரல்ல இருந்து எங்கால்கிட்ட கட் கட்டுன்னு சத்தம் கேட்டுட்டிருந்துச்சு. நாலு தடவ சொன்னேன். நீங்க ஜாக்கிக்குத் துணி சுத்துனீங்க.”

பாட்டில்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

மாடிக்குப் போய் நின்றேன். இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். லோகுவுக்குப் போன் செய்தேன். ‘ஸ்பெஷல்’ அடித்த வண்டிகளை அவன் ஒரு நோட்டில் குறித்து வைப்பான். பத்தொன்பது.

“என்ன மாமா, பார்ட்டி வைக்கப் போறீங்களா?”

“டீச்சரு வண்டி சத்தம் போடுதா?”

“போட்டுச்சுங்க. போன வாரம். நீங்க சொன்ன மாதிரி எச்சா எண்ணெய் அடிச்சனுங்க, நின்னுருச்சு.”

டீச்சருக்கு நான்கு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. லோகுவும் அடித்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைத்துவிடுவாராம். வீடு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. காலை ஏழு மணிக்கு எஸ்.ஆர்.டி. கார்னரில் மற்ற டீச்சர்களை ஏற்றுவார் என்பது மட்டும் தெரியும்.

10 ஜூலை, திங்கள்

ஆறரைக்கே போய் நின்றேன். லோகுவை ஜாக்கியோடு வரச் சொல்லியிருந்தேன். அவன் வருவதற்கு முன் வண்டி வந்துவிட்டது. நான்கு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் முன்னால் போய் பானெட்டில் கை வைத்தேன்.

“ஏனுங்கய்யா, பண்ணாரி வரைக்கும் வர்றீங்களா? பின்னால எடமிருக்குது” என்றார் செல்வநாயகி டீச்சர்.

“வண்டி மலை ஏறக் கூடாது டீச்சர். முன் சக்கரத்தப் பாக்கோணும்.”

“நேத்துத்தான் காத்து புடிச்சனுங்க.”

“காத்து இல்ல. ஸ்டீயரிங்கு மூட்டு.”

பின் சீட்டில் ஒரு குரல், மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் காது கேட்கும்: “மல்லித் தோட்டத்துல தூங்குனாரே, அவருதான?” இன்னொரு குரல்: “இன்னும் முழிக்கலையாட்ட இருக்குதுடி.” சிரிப்பு.

“எட்டேகாலுக்குப் பிரேயருங்கய்யா. சாயந்தரம் வந்ததும் பாக்கறனுங்க” என்று டீச்சர் கியரைப் போட்டார்.

நான் கையை எடுக்கவில்லை. ஸ்டீயரிங் தண்டு, உருண்டை, கிண்ணம், பூட் என்று விளக்கினேன். வெர்னியர் அளவுகளைச் சொன்னேன். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பெரியவர்களின் பேச்சைக் கேட்கும் பொறுமை, அது எனக்குத் தெரியும். அந்த முகத்துக்கு எந்த அளவும் எட்டாது. ஆறு நிமிடம் ஆயிற்று. சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன்.

“எண்ணெய் அடிக்கச் சொன்னது நானு. அது ரப்பரத் தின்னுருது. என் வண்டி அதுலதான் போச்சு. எம்பொண்டாட்டி கை அதுலதான் ஒடஞ்சுது. கம்பெனி பண்ணல. நான் பண்ணுனேன். ஒங்களுக்குஞ் சொன்னது நாந்தான்.”

டீச்சர் என்ஜினை நிறுத்தினார்.

லோகு வந்து ஓரமாகத் தள்ளி ஜாக்கி வைத்தான். இடது சக்கரம் தரையை விட்டு எழுந்தது. இரண்டு பக்கமும் கை வைத்து வலமும் இடமுமாக ஆட்டினேன். கட், கட். ஒரு விரல் அகலம் ஆடியது. அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். பூட் கிழிந்து, தோலுரிந்த வாழைப்பழம் போலத் தொங்கியது. உருண்டை கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனை வளைவு தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அளக்கக் கூடியது அல்ல.

டீச்சரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. “வெள்ளிக்கெழம பதினாறாவது வளைவுல ஒரு மாதிரி இழுத்துச்சுங்கய்யா. லாரிக்கு எடம் விட்டதால இருக்குமுன்னு நெனச்சேன்” என்றார். பின்னால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். தூங்கினவர் என்று சொன்ன டீச்சர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான்கு பேரும் ஆசனூர் வழியாகப் போகும் மைசூர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

லோகு சுவர் எழுத்தை அழிக்கப் பெயின்ட் வாங்கப் போனான். “வேற என்ன எழுதறதுங்க மாமா?” என்று கேட்டான். ‘ரப்பரில் எண்ணெய் படக் கூடாது’ என்று எழுதச் சொன்னேன். என் பெயர் கீழே இருக்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை முடித்தேன். கம்பெனிக்கு இரண்டு விஷயம். ஒன்று, நான் விழித்திருந்தேன். அந்த வரியை அடிக்கவும். இரண்டு, உறையைக் கெடுத்தது என் எண்ணெய்; ஆனால் எண்ணெய் அடிக்கக் கூடாது என்று உங்கள் புத்தகத்தில் தமிழில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்? இரண்டாவதற்குப் பதில் வரும்வரை விடமாட்டேன்.

ருக்குமணி படித்துப் பார்த்தாள். “முதல்ல இருக்கறத எடுத்துருங்களேன்” என்றாள். எடுக்கவில்லை.

11 ஜூலை, செவ்வாய்

பத்தொன்பதில் ஒன்று முடிந்தது. லோகு விசாரித்துக் குறித்துக் கொடுத்த விலாசங்களை ருக்குமணி தெருவாரியாகப் பிரித்து எழுதினாள். எழுதும் கை நல்ல கைதான். முதல் வீட்டுக்குத் தானும் வருகிறேன் என்றாள். கட்டைப் பார்த்தால் நம்புவார்களாம்.

வடக்குப்பேட்டையில் ஒரு மஞ்சள் வியாபாரி. வண்டி வாசலிலேயே நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானே அந்தத் தூங்கிட்டு வண்டி ஓட்டுன பெரியவரு?”

ருக்குமணி வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“ஒரு சாக்கு இருந்தாக் குடுங்க. அடியில படுத்துப் பாக்கோணும்” என்றேன்.